ஆமைத் தொட்டியை இறைத்த நாள்

உங்களுக்கு,

நேற்று கொசு ஒழிப்புக்காரர்கள் வந்தார்கள். பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் மழைத் தண்ணீர் தேங்கிப் புழு நெளிகிறதாம். "யம்மா, இத்த இன்னிக்கே எறைச்சிடுங்க, இல்லன்னா எங்களுக்குப் பேஜாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தொட்டியின் அடி ஓட்டை எந்தக் காலத்திலோ அடைத்துக்கொண்டது. குனிந்து முகந்து ஊற்ற என் இடுப்பு ஒத்துழைக்காது. ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் போட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். உங்களைப் போல நேரம் பார்த்து விரலால் மூட எனக்கு வரவில்லை. வாய் நிறையப் பாசித் தண்ணீர். துப்பினேன், கொப்பளித்தேன், காப்பி போட்டுக் குடித்தேன். அந்த ருசி மட்டும் போகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

நமக்குக் கல்யாணமான புதிதில் அந்த ஆமை வந்தது. விழுப்புரம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் உங்கள் சைக்கிள் கடை. வளவனூரிலிருந்து திரும்பும்போது, சக்கரம் ஏறி ஓடு கீறி ரோட்டோரம் கிடந்ததைச் சாக்கில் சுற்றி, கேரியரில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். கீறல் மேல் ட்யூப் துண்டை வெட்டி, சொல்யூஷன் தடவி ஒட்டினீர்கள். பஞ்சர் ஒட்டின ஆமை உலகத்திலேயே நம் வீட்டில்தான் இருந்திருக்கும். திண்டிவனத்தை விட்டு வந்து பதினைந்து நாளாக உம்மென்று இருந்த நான், அன்றைக்குத்தான் சிரித்தேன்.

உங்கள் அம்மா சிரிக்கவில்லை. ஆமை வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்புகிற ஊர். "ஆம ஊட்டுக்குள்ள வரலாமாடா?" என்று கத்தினார். "அது எங்கம்மா வந்துச்சு? நான்தானே தூக்கிக்கினு வந்தேன்" என்றீர்கள். அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தீர்கள். எங்கே முடிந்தது!

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்று பெயர். காலையில் பின்கட்டுக்குப் போனால் பத்து மணிக்குத்தான் வருவீர்கள். ஆமையைப் பக்கெட்டில் விட்டு, குழாயை உறிஞ்சித் தண்ணீரை வாழைக்குத் திருப்பி, தேங்காய் நாரால் பக்கச் சுவர்ப் பாசியை மட்டும் தேய்ப்பீர்கள். சோப்புத் தூளை எடுத்துக்கொண்டு நான் வந்தால் கையைத் தட்டிவிடுவீர்கள். "முழுசா எறைக்காத. பழைய தண்ணி ஒரு சாண் இருக்கட்டும். ஒரேயடியா புதுத் தண்ணி ஊத்தினா அது மெரண்டுபூடும்" என்பீர்கள். புகுந்த வீட்டுக்கு வந்த எனக்கு யார் பழைய தண்ணீர் ஒரு சாண் விட்டுவைத்தார்கள் என்று மனசுக்குள் முணுமுணுப்பேன். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரம் உங்கள் பக்கத்தில் செங்கல்லில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆமைக்குக் கீரை கிள்ளிப் போடுவதும் என் வேலையாகிவிட்டது.

மூன்று வருஷம் போயிற்று. எனக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. திருவாமாத்தூர் கோயிலுக்கு நடந்ததும், ஆஸ்பத்திரிக்கு அலைந்ததும் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது எதிர்வீட்டு வளைகாப்பு. தட்டில் வளையல் அடுக்கிக் கொடுத்ததே நான்தான். ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு அந்தப் பெண்ணுக்கு வளையல் போடச் சொன்னார்கள். என் முறை வந்தபோது அவள் மாமியார் தட்டை என்னைத் தாண்டி அடுத்தவளிடம் நீட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். "அந்த ஆம போனாத்தான்டி இந்த ஊட்ல தொட்டில் ஆடும்" என்றார். எனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று பட்டது. நான் பத்தாவது படித்தவள். இருந்தும் பட்டது.

மறுநாள் நீங்கள் சாமான் வாங்கப் பாண்டிக்குப் போனீர்கள். நான் தொட்டியை இறைத்தேன். ஒரு சாண் தண்ணீர்கூட விடவில்லை, அடிவரைக்கும் இறைத்தேன். ஆமையை ஈரச் சாக்கில் சுற்றி, ஒயர் கூடையில் வைத்து, மேலே கீரைக்கட்டைப் போட்டு மறைத்துத் திண்டிவனம் பஸ் ஏறினேன். கூடைக்குள் அது பிராண்டிக்கொண்டே வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் "இன்னாம்மா, கோழியா?" என்றாள். "ஆமா, கோழிதான்" என்றேன். அம்மா வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஏரியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று அதை விட்டேன். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே போய்ச் சோறு போட்டாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நீங்கள் வருவதற்கு முன்னால் வீடு திரும்பிவிட்டேன்.

"தண்ணி எறைக்கறப்ப பக்கெட்ல விட்டேங்க. எப்பிடி ஏறிச்சுன்னே தெரியல, போயிடுச்சு" என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் கடையைத் திறக்காமல் தேடினீர்கள். சாக்கடை சாக்கடையாகக் குனிந்து பார்த்தீர்கள். வீடு வீடாகக் கேட்டீர்கள். பாலத்துக்கு அடியில் போகிற குழாயில் கையை விட்டு, கண்ணாடிச் சில்லு கிழித்து ரத்தத்தோடு வந்தீர்கள். நான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். கட்டும்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். "வலிக்குதா?" என்று மட்டும்தான் கேட்டேன்.

அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வெறும் தொட்டியை இறைத்துக் கழுவி நிரப்பினீர்கள். ஏன் என்றதற்கு, "திரும்பி வந்தா தண்ணி வேணும்ல" என்றீர்கள். தை மாசத்தில் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு, நீங்கள் மட்டும் திண்டிவனம் போய்விட்டு வந்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தொட்டிப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து நிம்மதியாக மூச்சு விட்டேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள், பாருங்கள்.

மறு வருஷம் நம் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் உங்கள் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "ஆம போச்சு, புள்ள வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வெந்நீர் வாங்கப் போன நேரம், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்காமலே, "அந்த ஏரியில கோடையிலகூடத் தண்ணி வத்தாது. அது நல்லாத்தான் இருக்கும்" என்றீர்கள்.

ஏரி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. "எந்த ஏரிங்க?" என்று கேட்டிருக்கலாம். விஷயம் தெரியாத பெண்டாட்டி அதைத்தான் கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் காத்திருந்தீர்கள். உங்கள் அம்மா சொம்போடு வாசலில் தெரிகிற வரைக்கும், ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தீர்கள். பிறகு "சரி, தூங்கு" என்று எழுந்துகொண்டீர்கள்.

அதற்கப்புறம் ஒரே வீட்டில் எத்தனை வருஷம் இருந்தோம். சண்டை வராமலா இருந்தது? எந்தச் சண்டையிலும் அதை எடுத்து என் மேல் வீசியதில்லை. நான் சண்டையென்றால் உங்கள் தாத்தா காலத்திலிருந்து தொடங்குகிறவள். உங்கள் இடத்தில் இருந்திருந்தால் பத்து நாள் தாங்கியிருக்க மாட்டேன். கடைசியில் நீங்கள் படுத்த படுக்கையாக இருந்தபோதும் எத்தனையோ மத்தியானம் நாம் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, மாத்திரை பற்றியும் மழை பற்றியும் பேசினேன்.

மன்னித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கேட்காமலே கிடைத்த மன்னிப்பு என்பதுதான் என்னைத் தின்கிறது. அன்று கட்டில் ஓரத்தில் நீங்கள் காத்திருந்த பதிலை இப்போது சொல்கிறேன்.

அது ஓடிப்போவலைங்க. நான்தான் விட்டேன்.