அண்ணன் திருத்தாத செபம்

அன்புள்ள அக்கா,

மடத்தை விட்டு நீ வர முடியாது என்பதால் எழுதுகிறேன். உன் தம்பியை, என் அண்ணனை, ஊரே புனிதர் என்கிறது. அவர் கூட உட்கார்ந்து செபித்திருந்தால் அவர்களுக்குத் தெரியும், எவ்வளவு கண்டிப்பானவர் என்று. பழைய வழிபாட்டு நூல்களை ஒப்பிட்டுத் திருத்தியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். ஒரு வரி விட்டுப்போனால் சாப்பாட்டு மேசையிலும், "மறுபடி முதல்லேருந்து சொல்லு" என்பார்.

நேற்றுச் சாயங்காலம் அண்ணன் பிழைக்கமாட்டார் என்று மருத்துவர் கைவிரித்ததும், அவர் படுக்கையருகே அவர் பதிப்பித்த புத்தகத்திலிருந்தே மரிப்போருக்கான செபத்தைப் படிக்க உட்கார்ந்தேன். அழுகையில் பக்கம் மாறிவிட்டது. பாதியில்தான் அது காலைச் செபம் என்று தெரிந்து நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்ட? சரியாத்தான் படிக்கிற" என்றார் அண்ணன்.

ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. முழுவதும் படித்தேன், அக்கா. முடிவில் ஆமென் சொல்ல நான் மட்டும்தான் இருந்தேன்.

உன் தங்கை