கையெழுத்துக்கு ஆகாத மாதம்

இன்று காலை எங்கள் தொழிற்சாலையில் என் கம்ப்யூட்டரிலும் உன் கம்பெனியின் தேடும் சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டுப் போனார்கள். மாம்பழக் கூழ் கொதிக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. சீசன் நேரத்தில் ஏற்றுமதிக் காகிதங்களைத் தேடியே எனக்குப் பாதி நாள் போய்விடும். போன வருடம் துபாய்க்கு அனுப்பிய ஒரு லோடின் லேப் ரிப்போர்ட்டைக் கேட்டுப் பார்த்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் எடுத்துக் கொடுத்தது. சந்தோஷப்பட வேண்டியவன் நான். வயிறுதான் எரிந்தது.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. செத்துப்போன சிநேகிதன் மேல் பொறாமைப்படுகிற ஆளை எங்காவது பார்த்திருக்கிறாயா? இதோ, உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தோமே, அங்கே ஆரம்பித்தது இது. கிரானைட் கம்பெனி மேனேஜர் ஒருவர், தீபாவளிக்கு முன்னால் வந்த ஒரே ஒரு ஆர்டர் காகிதத்துக்காக ஆபீஸையே தலைகீழாகப் புரட்டியதைப் பார்த்துவிட்டு வந்து, "மாப்ள, உலகத்துல இருக்கறதெல்லாம் தேடிக் குடுக்க ஆள் இருக்குது. அவனவன் ஆபீஸுக்குள்ள இருக்கறத தேடிக் குடுக்கத்தான் ஆளில்ல" என்றாய். ஸ்கேன் செய்த காகிதங்களைப் படித்துத் தேடித் தரும் சாஃப்ட்வேரை ஒன்றரை வருடம் உட்கார்ந்து எழுதினேன். எழுதியது நான், போய்ப் பேசியது நீ. வேலை முடிந்ததும் அதே மேனேஜர் உன்னை 'சார்' என்றார். என்னை 'உங்களோட வந்த தம்பி' என்றார். நீ சிரித்தாய். நான் சிரித்த மாதிரி இருந்தேன்.

பிறகு பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். அவர்களிடம் மெயில்களைத் தேடும் சாஃப்ட்வேர் இருந்தது, நம்மிடம் காகிதங்களைத் தேடுவது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் பெரிய கம்பெனிகள் வாங்கும் என்றார்கள். இணைப்பு ஒப்பந்தத்தை அந்த அறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் படித்தோம். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் உன் பெயர், தலைமைப் பொறுப்பு. என் பெயரைத் தேடினேன். நான்காவது பக்கத்தில், டெக்னிக்கல் ஆட்களின் பட்டியலில் இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நான், "இப்ப ஆடி மாசம். ஆடி முடியட்டும்" என்றேன்.

நீ என்னை விநோதமாகப் பார்த்தாய். "ஞாயித்துக்கெழமையானா சர்ச்சுப் பூசைக்குப் போறவன்டா நீ. உனக்கெதுக்கு ஆடி?"

"மதம் மாறுனா மாசமும் மாறிடுமா? எங்க வூட்ல பாப்பாங்க."

எங்கள் வீட்டில் யாரும் எதையும் பார்த்ததில்லை. அப்பா ஆடி மாதத்தில்தான் புது வீட்டுக்குக் கடைக்காலே போட்டார். உன் பெயருக்குக் கீழே என் கையெழுத்தைப் போட மனசு வரவில்லை. அதைச் சொல்ல வாயும் வரவில்லை. ஒரு வாரம் எனக்காக அவர்களிடம் கெஞ்சிப் பார்த்தாய். கடைசியில், "நான் போறன் மாப்ள. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வா" என்று கிளம்பிவிட்டாய்.

அதற்குப் பிறகு உன்னைச் செய்தித்தாளில்தான் அதிகம் பார்த்தேன். மோசமான போட்டோவில் இருக்கும் எழுத்தையும் படிக்கிற ஐதராபாத் கம்பெனியோடு சேர்ந்தாய். அடுத்து, வக்கீல் ஆபீஸ்களுக்கென்றே செய்கிற சென்னைக் கம்பெனி. அப்புறம் ஜெர்மனி. ஒவ்வொரு முறையும், இது கட்டாயம் கவிழும் என்று நாள் எண்ணினேன். "இன்னும் எத்தன பேரோட சேருவான், பாக்கலாம்" என்று பேப்பரை மடித்து வைத்தபோது என் மனைவி, "நீங்க அவரு ஒருத்தரோட சேந்திருந்தா போதும், இந்நேரம் நீங்களே பேப்பர்ல வந்திருப்பீங்க" என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஆனால் கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாய். இலையைவிட்டு எழும்போது மெல்ல, "வர்றியாடா?" என்பாய். நான் மாம்பழ விலையைப் பற்றிப் பேசுவேன்.

நல்லம்பள்ளியில் உன் வீட்டு வாசல் பந்தலில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். கார்கள் மெயின் ரோடு வரை நின்றன. அதையும் எண்ணினேன், மறைக்கவில்லை. உன் ஆபீஸில் வேலை செய்கிற ஒரு பெண், மொரப்பூர்ப் பக்கமாம், என்னிடம் வந்து நின்றாள்.

"சார், நீங்கதான் எங்க சாரோட மொத பார்ட்னருங்களா? ஆடி பாக்கறவரு?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "ஆடி பொறந்துட்டா எங்க சாரு எந்த மெர்ஜருக்கும் பேனாவத் தொட மாட்டாருங்க. ஜெர்மன்காரங்க கோவிச்சிக்கிட்டு எழுந்தே போயிட்டாங்க. ஆவணி மொத நாளு இவரே போன் பண்ணிக் கூப்பிட்டாரு. கேட்டா, 'எனக்கு ஒண்ணுமில்லம்மா, என் பார்ட்னர் வூட்டு வழக்கம். அவன் பேச்ச ஒருதடவ மீறிட்டன், இனிமே மீறக் கூடாது'ன்னுவாரு. நெசமாவே உங்க வூட்ல அப்படித்தானுங்களா?"

உன் கால்மாட்டில் நின்றுகொண்டு, "ஆமாம்மா, பரம்பரையா பாக்கறது" என்றேன்.

இவ்வளவு எழுதியும் ஒன்றை மட்டும் தாண்டி வந்துவிட்டேன். நீ பெங்களூர் போவதற்கு முந்தின நாள் விலகல் பத்திரத்தோடு என் வீட்டுக்கு வந்தாய். நான் கூட்டுத் தொழிலிலிருந்து விலகுகிறேன், எழுதியதை எல்லாம் உனக்கே விட்டுக் கொடுக்கிறேன் என்று இருந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் அது. அதே ஆடி. நான் ஆடியைப் பற்றிப் பேசாமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்ததே நீதான். என் முகத்தை மட்டும் நீ நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆடி வெறும் சாக்கு என்று அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் போன ஊரிலெல்லாம் என்னை வழக்கம் மீறாத மனிதனாகச் சொல்லி வைத்திருக்கிறாய். உன் பதவி மேல், ஜெர்மனி மேல் எல்லாம் பொறாமைப்பட்டுப் பழகிவிட்டேன், அது ஒருவழியாக எரிந்து அடங்கும். இது அடங்க மாட்டேன் என்கிறது. நான் உன் இடத்தில் இருந்திருந்தால், அந்த ஆடிக் கதையை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்.