பூ விழுந்த பிறகும் போகாத வாடை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அங்கே நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் நலம் என்றுதான் எப்போதும் முதல் வரியில் எழுதுவேன், இன்று அதை எழுதக் கை வரவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், உள்ளே அப்பாவின் கால் கட்டைப் பிரித்துப் பார்க்கிறார்கள். போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் அழுதுவிடுவேன், உருப்படியாக ஒன்றும் சொல்ல வராது.

நீ கிளம்பும்போது ஒரு செடித் துண்டு கொடுத்துவிட்டுப் போனாயே, விரல் தடிமனில், நாலு பட்டையாக, முள் இல்லாமல். அப்பா அதைக் கள்ளி என்றே நம்பினார். தினமும் தண்ணீர் ஊற்றி முதல் வருஷமே பாதியை அழுக வைத்தார். அப்புறம் மணலும் பொடிக்கல்லும் கலந்து மாற்றி நட்டு, படுக்கையறை ஜன்னலில் வைத்து, குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாமல் காவல் காத்தார். என்னைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. போன மாதம் பலூன் மாதிரி ஒரு மொட்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் செருப்பு கடித்து அவர் காலில் புண். சர்க்கரைக்காரர், பாதத்தில் உணர்ச்சி இல்லை, வலி தெரியாது. வாடை வந்தா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க, அப்புறம் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதிலிருந்து தினமும் கழற்றின கட்டுத்துணியை, அவருக்குத் தெரியாமல், குளியலறையில் வைத்து முகர்ந்து பார்ப்பேன். பத்து நாளைக்கு முன்னால் அறைக்குள் நுழைந்தால் செத்த எலி வாடை. ஓடிப்போய்க் கட்டைப் பிரித்தேன், புண் சுத்தமாக இருந்தது. நிமிர்ந்தால் ஜன்னலில் உள்ளங்கை அகலத்துக்கு ஐந்து முனையோடு ஒரு பூ, பழைய இறைச்சி நிறம், மேலெல்லாம் மயிர், நடுவில் ஈக்கள் முட்டை வைத்துக்கொண்டிருந்தன. செடிக்கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டினேன். இது கள்ளியே இல்லம்மா, எருக்குக்குச் சொந்தம், பாலைவனத்துச் செடி, ஈயை ஏமாத்தத்தான் பிண வாடை விடுது என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், நம்ம பொண்ணு கொடுத்த செண்டுடி, நல்லா மோந்து பாரு என்றார். நானும் சிரித்தேன் பாப்பா. அந்த நிம்மதியில் துணியை முகர்வதை விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் பூ சுருங்கி விழுந்தது. வாடை போகவில்லை. திரைச்சீலையில் ஏறியிருக்கும் என்று துவைத்தேன், போர்வையைத் துவைத்தேன், செடியையே மாடிக்குக் கொண்டுபோனேன். இன்று காலை துவைக்க ஒன்றும் மிச்சமில்லாமல் அவர் காலடியில் உட்கார்ந்து குனிந்தேன். மேலே ஆறின மாதிரி காய்ந்திருக்கிறது, சுண்டுவிரலுக்கு அடியில் கறுத்துப்போயிருக்கிறது. எத்தனை நாளாகவோ தெரியவில்லை. எனக்கு பயமாக இருக்கிறது பாப்பா, வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

டாக்டர் இப்போதுதான் வந்து சொன்னார். இரண்டு விரலை எடுத்தாக வேண்டுமாம், அதற்கு மேலும் ஏறியிருக்கிறதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியுமாம். செடியைக் கொடுத்தது நீ என்று ஒரு நொடிகூட உன்னை நொந்துகொள்ளாதே, மூக்கை நம்பி உட்கார்ந்திருந்தவள் நான். நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இரு. வேளைக்குச் சாப்பிடு. இந்த மாதமே சர்க்கரை சோதித்துப் பார், மறந்துவிடாதே.

நர்ஸ் சம்மதப் படிவத்தை என் மடியில் வைத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். முதலில் இந்தக் கடிதத்தில் போடுகிறேன், கை நிற்கிறதா பார்க்கலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா