தார்வாட்டர் தாத்தாவின் இடது காது

ஜூலை 14, 1811. ஞாயிறு.

மலைகளை நிறுத்தி ஆறுகளை ஓடவிட்ட கர்த்தாவே, உமக்கே துதி. என் பேனாவைப் பொய்க்கும் பெருமைக்கும் விலக்கியருளும்.

இன்றும் ஆராதனையில் சபை மூப்பனாகிய நான் எடுத்த சங்கீத மெட்டை தொபியாஸ் மெக்லின் எழுந்து நின்று மறுத்தார். பத்தொன்பது ஆண்டுகளாக இதே வழக்கம்.

கென்டக்கிச் சட்டசபைக்கு நிற்கும் என் மருமகன் செபுலோன் தார்வாட்டரின் வம்ச வரலாற்றை எழுதும் பணி என்மேல் விழுந்திருக்கிறது. “மாமா, பிரபு கிபு யாராச்சும் இருந்தா மொதல்ல போடுங்க” என்றான். பிரபு இல்லை. இடது காதில்லாத தாத்தா ஒருவர் இருக்கிறார்.

ஜூலை 20.

எதிராளி கேப்டன் ஸ்ட்ரோடு அந்தக் காதைப் பிடித்துக்கொண்டார். பன்றி திருடியவனின் காதை அறுப்பது அக்காலத்துத் தண்டனை. “தாத்தன் பன்னி திருடுனான், பேரன் ஓட்டு திருட வர்றான்!” என்று ஊரெல்லாம் கூவுகிறார். செபுலோனைக் கண்டதும் பெரிய மனிதர்களும் பன்றிபோல் உறுமுகிறார்கள்.

ஜூலை 23.

வம்ச வரலாறு ஒரு வரியும் நகரவில்லை.

ஜூலை 26.

தார்வாட்டர் குடும்ப வேதாகமத்தின் கிழிந்த அட்டையைத் தைத்த என் மகள், செபுலோனின் மனைவி கெசியா, உள்ளிருந்து ஒரு காகிதத்தை உருவினாள். கைகலப்பில் கடிபட்டுக் காதிழந்தவர், தம்மைத் திருடரென்று எவரும் எண்ணாதிருக்க நீதிமன்றத்தில் எழுதி வாங்கும் சான்று. வர்ஜீனியா, 1754. ஆனந்தத்தில் கண் கலங்கினேன் — கடித்தவர் பெயரைப் படிக்கும்வரை.

கடித்தவர்: எனோஸ் கிராப்ட்ரீ. காரணம்: சங்கீத மெட்டுத் தகராறு.

என் தகப்பனார்!

“தாத்தாவா? அவரு கல்லறையில ‘சாந்தகுணர்’னு நீங்கதான செதுக்க வச்சீங்க?” கெசியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிற காரியமா இது? பிறகு சொன்னாள்: “நீங்களே என் வீட்டுக்காரருகிட்ட சொல்லிருங்கப்பா. வாக்கெடுப்பு நாள் வரைக்கும் நான் வாயத் தெறக்கல.”

ஜூலை 31.

சான்றை யோபின் ஆகமத்துள் வைத்தேன். துன்பங்களுக்கு அங்கே இடம் தாராளம். ஆண்டவரைப் பிடிக்க வந்த இரவில் தோட்டத்தில் வாளுருவிய சீடனும் ஒரு காதைத்தான் வெட்டினான். ஆண்டவர் அதை ஒட்டவைத்தார். என் தகப்பனாரோ விழுங்கிவிட்டாராம்.

எரித்துவிடலாமா? மருமகன் மானம் போகும். வாசிக்கலாமா? தகப்பன் மானம் போகும்.

ஆகஸ்டு 5. திங்கள்.

வாக்கெடுப்பு தொடங்கியது. நீதிமன்ற வாசலில் உறுமல். செபுலோனின் முகம் சுண்டிவிட்டது. பொறுக்கவில்லை, வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல் ஏறிச் சான்றை வாசித்தேன்.

“யாருய்யா அந்த எனோஸ்?” என்றார் ஸ்ட்ரோடு.

“என்னப் பெத்த அப்பன்யா! போதுமா?”

பின்பு கூட்டத்திலிருந்து ஒரு குரல்: “அப்போ காதுக்கு நஷ்டஈடாத்தான் பொண்ணக் குடுத்தீரா, மூப்பரே?”

விஸ்கிப் பீப்பாய் உருளுமளவு சிரிப்பு. கெசியாவும் சிரித்தாள். கர்த்தர் மன்னிப்பாராக, நானும்.

ஆகஸ்டு 7.

செபுலோன் வென்றான். அறுபத்தொரு வாக்குகள் அதிகம்.

ஆகஸ்டு 11. ஞாயிறு.

மெட்டெடுத்தேன். எவரும் மறுக்கவில்லை. இந்த ஆகஸ்டு வெயிலில் தொபியாஸ் மெக்லின் கம்பளிக் குல்லாயை இரு காதுகளும் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, நான் எடுத்த மெட்டிலேயே பாடினார்.

பின்னாளில் இதைப் புரட்டும் நீயும் உன் வீட்டாரும், எண்ணிக்கை குறையாத காதுகளோடு நீடூழி வாழ்க. ஆமென்.