ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஸ்விட்ச்

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று ஆரம்பம். அது என் டாக்ஸிக்கும் தெரிந்துவிட்டது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் மாட்டி நாற்பது நிமிடம் நின்றேன். சூடு காட்டும் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றாமல் சும்மா நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஃபேனின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து இரண்டு வயரை நேராகக் கொடுத்துப் பார்த்தேன். சுற்றியது. அப்படியென்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, கோளாறு வேறு எங்கோ. ஃபியூஸ், ரிலே, சென்சார், வயர் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தான் ஆகும். மூன்று மணிக்கு ராயபுரத்தில் சவாரி. யார் உட்காருவது?

அந்த இரண்டு வயரையே நிரந்தரமாக்கி, நடுவில் ஒரு ஸ்விட்சை வைத்து ஸ்டியரிங்குக்குக் கீழே திருகிவிட்டேன். லாரி வரிசையில் மாட்டினால் போட வேண்டியது, ரோடு விட்டால் அணைக்க வேண்டியது. எங்கள் ஸ்டாண்டில் பாதி வண்டி இப்படித்தான் ஓடுகிறது. மெக்கானிக் மஹீனிடம் ஒரு நாள் கிடக்க வேண்டிய வேலையை அரை மணியில் முடித்தேன் என்று பட்டம்மாளிடம் பீற்றிக்கொண்டேன்.

"ஆமா, பெரிய இன்ஜினீரு" என்றாள். கட்டிய நாளிலிருந்து ஒரு தடவையாவது மெச்சியிருப்பாளா?

மே 9, வெள்ளி

மகள் காசிமேடு வரை ஓட்டினாள், நான் பக்கத்து சீட்டில். இருபத்து மூன்று வயதில் என்னைவிடப் பதமாக கிளட்ச் விடுகிறாள் மகிழினி. அதை அவளிடம் சொல்லவில்லை, தலையில் ஏறிவிடும். அடுத்த மாதத்திலிருந்து காலைச் சவாரி அவளுக்கு, மாலை எனக்கு என்று பேசியிருக்கிறோம். தெருவில் உள்ள பெண்கள் இப்போதே அவள் நம்பரைக் கேட்கிறார்கள்.

புது ஸ்விட்சைப் பார்த்து, "இது இன்னாது நைனா?" என்றாள். குறுக்கே வந்த ஷேர் ஆட்டோக்காரனைத் திட்டும் மும்முரத்தில் இருந்தேன். "ரோட்ட பாரு. தெரியாத ஸ்விட்ச்சாண்ட கைய வெக்காதன்னு எத்தினி தபா சொல்லிகீறேன்" என்றேன். தலையாட்டினாள். அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

மே 16, வெள்ளி

காய்ச்சல். நாளை ஒரு குடும்பத்தை சென்ட்ரலில் விட வேண்டும். தானே போவதாக மகிழினி சொல்கிறாள். சரி என்றேன்.

மே 17, சனி

எப்படி எழுதுவது இதை —

மாத்திரை போட்டுத் தூங்கியிருக்கிறேன். கண்விழித்துப் பார்த்தால் போனில் அவள் அழைப்பு ஐந்து. எங்கே என்று கேட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். டோல்கேட் அருகே இரண்டு பக்கமும் லாரி, நடுவில் என் வண்டி, பானெட் திறந்து ஆவி போய்க்கொண்டிருக்கிறது. பயணிகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வெயிலில் நிற்கிறாள்.

"முள்ளு ஏறிச்சு நைனா. ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிதான் நவுத்தினேன். பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அட்ச்சுகினே கீறான். ஓரங்கட்ட எடமே இல்ல. உனக்கு போன் போட்டேன்..."

நான் விட்டேனா? லாரி டிரைவர்கள் எல்லாம் பார்க்க, "முள்ள பாக்கத் தெரியாதவளுக்கு எதுக்குடி வண்டி?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். போய்த் தண்ணீர் வாங்கி வா என்று விரட்டினேன்.

அவள் போன பிறகுதான் உள்ளே குனிந்தேன். ஸ்விட்ச் அணைந்திருந்தது.

தட்டினேன். ஃபேன் சுற்றியது. உடனே அணைத்துவிட்டேன். ஏன் அணைத்தேன்? யார் பார்க்கக் கூடாதென்று? அதற்குள் அவள் இரண்டு பாட்டிலோடு வந்துவிட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மே 18, ஞாயிறு

இன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை.

மே 21, புதன்

மஹீன் எஞ்சினைப் பிரித்துவிட்டான். "ஹெட் கேஸ்கெட் பூட்ச்சு மாமு. ஹெட்டும் வளைஞ்சு கீது. ரெண்டு வாரம் ஆவும்." கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "ஃபேன டைரக்ட்டு குட்த்துகீறியே, பாப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். மறந்துட்டா" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒளித்தது போதாதென்று, இப்போது அவள் மேல் பழியும் போட்டாயிற்று. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவன், பெற்ற பெண் தலையில் கட்டித் தப்பித்துக்கொண்டேன். தூ.

ஜூன் 2, திங்கள்

சாத்தாங்காட்டில் ஓர் இரும்புக் கடையில் பில் போடும் வேலைக்கு மகிழினி போகத் தொடங்கிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும், "வண்டி எனக்கு சரிப்படாதும்மா" என்றாளாம். லைசென்சைப் பீரோவில் வைத்துவிட்டாள். பட்டம்மாள் என்னைப் பார்த்து, "நாலு பேரு முன்னாடி அப்டியா திட்டுவ?" என்றாள். திட்டியதுதான் குற்றம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. அன்று உட்காராத அந்த ஒரு மணி நேரம் இன்று உட்கார்ந்தேன்.

முதலில் நான் இழுத்த வயரையும் ஸ்விட்சையும் பிடுங்கிவிட்டு, பழைய பிளக்கை மாட்டினேன். ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. எஞ்சின் சூடேறும்வரை காத்திருந்து, ஹாரன் ரிலேவைக் கழற்றி ஃபேனுக்குப் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. அடுத்து பிளக்கில் டெஸ்ட் பல்பை வைத்தேன். கரன்ட் வரும் வயரில் ஒரு முனை, வண்டியின் பாடியில் மறு முனை: பல்பு எரிந்தது. சென்சார், ரிலே எல்லாம் வேலை செய்கிறது. மறு முனையை அதே பிளக்கின் கறுப்பு வயருக்கு மாற்றினேன்: எரியவில்லை. எர்த் இல்லை, கரன்ட் திரும்பிப் போகும் வழி எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

கறுப்பு வயரைத் தடவிக்கொண்டே போனால் ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு போல்ட். கடல் காற்றில் துரு பூத்து, தொட்டதும் உதிர்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, இறுக்கினேன். முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

அவ்வளவுதான் வேலை. இதற்கா என் மகள் வண்டியை விட்டாள்? அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

இன்றும் இல்லை. சாப்பிடும்போது வாய் வரை வந்தது.

ஜூன் 14, சனி

சொல்லிவிட்டேன்.

அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், பட்டம்மாள் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். "மகி, அந்த ஸ்விட்ச்சு ஃபேனோடது. அத போட்டிருந்தா வண்டி சூடாயிருக்காது. உங்கிட்ட சொல்லாம உட்டது நான்தான். உன் மேல தப்பே இல்ல."

பட்டம்மாள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"தெரியும் நைனா" என்றாள் மகிழினி.

எனக்குப் புரியவில்லை.

"தண்ணி எட்த்துகினு வர்றப்ப ஃபேன் சத்தம் கேட்டுச்சு. ஒடனே நின்னுச்சு. உன் கை அந்த ஸ்விட்ச்சாண்ட இருந்துச்சு."

"அப்பவே கேக்கறதுதானே?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். வூட்டுக்குப் போயி சொல்லுவ, நாளைக்கு சொல்லுவன்னு... வேலைக்குப் போற அன்னிக்காவது சொல்லுவன்னு நெனச்சேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "வண்டி மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல நைனா."

கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நாலு வாரம். ஒவ்வொரு நாளும் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மஹீனிடம் போய், "பாப்பாகிட்ட நான் சொல்லவே இல்ல" என்றேன். "அன்னிக்கே தெரிஞ்சுது மாமு" என்றான். என்னைத் தவிர எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

போன வாரத்திலிருந்து காலையில் அவளைக் கடையில் விடுகிறேன். நான்தான் கெஞ்சினேன், சரி என்றாள். பின் சீட்டில்தான் உட்காருகிறாள். முன்னால் வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று சாத்தாங்காடு திருப்பத்தில் லாரி வரிசை. முள் பாதிக்கு வந்ததும் ஃபேன் சுற்றியது. இரண்டு பேரும் கேட்டோம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்விட்ச் இருந்த ஓட்டையை அவள் எட்டிப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது.

"எங்க கோளாறு இருந்துச்சு?" என்றாள்.

"எர்த்துல. ஒரு போல்ட்டு துரு புட்ச்சுகினு இருந்துச்சு. தேச்சு மாட்னேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மகி."

லாரி நகர்ந்தது. சூடு இறங்கி ஃபேன் நின்றது. கடை வாசலில் இறங்கி, பின் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.