வெல்லாமோவின் பின்கயிறு

செப்டம்பர் 28, ஞாயிறு

படகு மன்றத்தில் காப்பி. பென்ட்டி தன் படகின் பெயரை மூன்றாவது தடவையாக மாற்றுகிறானாம். மனைவி மாறும்போதெல்லாம் பெயின்ட் செலவு. ஒரு மணி நேரம் இதைப் பற்றியே பேசினோம். நான்தான் அதிகம் பேசினேன்.

கிரேன் வரும் நாள் அக்டோபர் 18 என்று ஒட்டியிருக்கிறார்கள். குளிர்காலத்துக்கு எல்லாப் படகும் அன்று கரையேறும்.

இல்போ வழக்கம்போல மிதவை மேடை நெடுக நடந்து ஒவ்வொரு படகின் கயிற்றையும் இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தான். முப்பது வருஷம் ஃபெர்ரிக் கப்பலில் வேலை பார்த்த கை. யார் கயிறு என்றெல்லாம் பார்க்காது. எனக்கு அடுத்த இடம் அவனுடையது. பழைய மரப்படகு. விவாகரத்துக்குப் பிறகு மே முதல் அக்டோபர் வரை அதில்தான் குடித்தனம். குளிர்காலத்தில் தங்கை வீட்டில் ஒரு அறை.

என் படகு வெல்லாமோவின் பின்கயிற்றையும் இழுத்தான். "இதை மாத்துன்னு ஆகஸ்ட்லயே சொன்னேன்ல?"

மன்ற இதழில் ஜூலை மாதம் நான் எழுதிய நகைச்சுவைப் பத்தியை நினைவூட்டினேன்: 'இந்தக் கயிறு என் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது, இரண்டும் இன்னும் அறுந்துபோகவில்லை.' இல்போ சிரிக்கவில்லை. என் பத்தியைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்கும் ஒரே ஆள் அவன். அவனும் சிரிப்பதில்லை.

புதுக் கயிறு ஜூனிலிருந்து கார் டிக்கியில் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கிறது. இன்னும் மூன்று வாரம்தானே.

அக்டோபர் 4, சனி

தென்மேற்குக் காற்று ஏறிக்கொண்டே போகிறது. போய்ப் பார்க்கலாமா? மழை. நீராவிக் குளியலுக்குச் சவுனா வேறு சூடாகிவிட்டது. நாளைக்கு.

அக்டோபர் 5, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பின்கயிறு அறுந்திருக்கிறது. முன்பக்கம் மட்டும் கட்டுண்ட வெல்லாமோ இரவெல்லாம் ஆடி ஆடி இல்போவின் படகை இடித்திருக்கிறாள். அவன் படகின் பக்கப் பலகைகள் உள்ளே போய், துறையிலேயே மூழ்கிக் கிடக்கிறது. கூரை மட்டும் வெளியே தெரிகிறது. ஒரு காப்பிக் கெண்டி மிதந்தது. நேற்றுச் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டுக்குப் போனவன் மழைக்கு அங்கேயே தங்கிவிட்டான். போகாமல் இருந்திருந்தால்? வேண்டாம்.

வெல்லாமோவின் பின்பக்கம் பிளந்திருக்கிறது. இஞ்சின் போய்விட்டது.

இல்போ வந்து நின்றான். குனிந்து கெண்டியை எடுத்துத் தண்ணீரைக் கொட்டினான்.

அவன் வருவதற்கு முன்பே, அறுந்த நுனியை வெட்டி ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். ஏன் வைத்தேன்?

அக்டோபர் 7, செவ்வாய்

இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து ஹெலி என்று ஒரு பெண் கூப்பிட்டாள். அடக்கமான குரல்.

"கயிறு எந்த நிலைமையில இருந்துச்சு சார்?"

"என்னை மாதிரிதான். நடுவயசு."

தட்டச்சுச் சத்தம். "நல்ல நிலைமைன்னு போட்டுக்கவா?"

ஆமாம் என்ற ஒரே சொல் போதும். நாக்கு நுனி வரை வந்தது. யோசித்து எழுத்தில் அனுப்புகிறேன் என்றேன். இரண்டு வாரத்துக்குள் போதும் என்றாள்.

அக்டோபர் 9, வியாழன்

பதினான்கு வருஷமாகப் பணம் கட்டுகிறேன்; பாலிசியை இன்றுதான் வாசித்தேன். மூக்குக்கண்ணாடி போட்டு, கழற்றி, மறுபடி போட்டு.

எனக்குப் புரிந்தவரை இதுதான். என்னுடையது முழுக் காப்பீடு. புயலில் என் படகு உடைந்தால் தருவார்கள், கட்டும் கயிறுகளை நான் ஒழுங்காகப் பராமரித்திருந்தால். இல்போவிடம் இருப்பது அடுத்தவருக்கான காப்பீடு மட்டும். அவன் படகு யாரையாவது இடித்தால் கொடுப்பார்கள். அவன் படகையே யாராவது இடித்தால் அதிலிருந்து ஒரு சென்ட் வராது. அந்த வயசு மரப்படகுக்கு முழுக் காப்பீடு கொடுக்க எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை என்று அவனே ஒரு தடவை சொன்னான்.

அப்படியானால் அவனுக்கு யார் கொடுப்பது? என் பாலிசியிலேயே ஒரு பகுதி இருக்கிறது, என்னால் மற்றவருக்கு வரும் நஷ்டத்துக்கு. ஆனால் தப்பு என்னுடையதாக இருந்தால் மட்டும். புயல்தான் காரணம் என்றால் யார் மேலும் தப்பில்லை. அவரவர் நஷ்டம் அவரவருக்கு.

மூன்று தடவை வாசித்தேன். மாறவில்லை. கயிறு நன்றாக இருந்தது என்று எழுதினால் எனக்குப் படகு, அவனுக்கு ஒன்றுமில்லை. இற்றுப்போயிருந்தது, தெரிந்தும் மாற்றவில்லை என்று எழுதினால் அவனுக்குப் படகு, எனக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை.

எனக்கு மட்டுமா? வெல்லாமோவில் பாதி என் மனைவி அன்னேலியுடையது. அவள் அம்மாவின் வீட்டை விற்ற பணம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கயிற்று நுனி இருக்கும் ஜாக்கெட்டை வேறு ஆணியில் மாட்டினேன்.

அக்டோபர் 11, சனி

மன்ற சவுனாவில் நானும் இல்போவும் மட்டும். பாலிசி பற்றிப் பேசுவதற்கு இரண்டு ஆண்கள் இவ்வளவு குறைவாக உடுத்தியிருக்கக் கூடாது. சூடான கல் மேல் தண்ணீர் ஊற்றினான். ஆவி சீறி எழுந்தது.

பிறகு அவனாகவே சொன்னான்: "புயல்னு எழுதிடு."

நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன்.

"நானும் படிச்சேன்ப்பா, தங்கச்சி கம்ப்யூட்டர்ல. ரெண்டு பேரும் முங்கணும்னு என்ன இருக்கு? யாராவது கேட்டா கயிறு நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்றேன். தினம் இழுத்துப் பாக்குறவன் சொன்னா நம்புவாங்க."

அவன் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, இரண்டு மூன்று ஜோக்கோடு. இதற்கு என்ன சொல்வது? வியர்வையைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மே மாதம் எங்கே இருப்பாய் என்று கேட்டேன். தங்கை நல்லவள் என்றான்.

அக்டோபர் 12, ஞாயிறு

நாள் முழுக்க ஒரு ஜோக்கும் வரவில்லை. உடம்பு சரியில்லையா என்று அன்னேலி கேட்டாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சமையலறை மேசை மேல் அறுந்த நுனியையும் டிக்கியில் கிடந்த புதுக் கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். அன்னேலி நுனியை எடுத்து விரலால் நசுக்கினாள். பொடியாக உதிர்ந்தது.

"இதையா என் கல்யாணத்தோட சேத்து எழுதின?"

அப்புறம் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அம்மாவின் வீட்டை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "இத்தனை வருஷத்துல எதையாவது சீரியஸா எழுதியிருக்கியா நீ? இதையாவது எழுது."

எழுதினேன். அரைப் பக்கம். கயிறு முப்பது வருஷம் பழையது. ஆகஸ்டிலேயே எச்சரிக்கப்பட்டேன். புதிது வாங்கியும் கட்டவில்லை, காரணம் சோம்பல். இணைப்பு: கயிற்றின் நுனி ஒன்று, ஜூலை மாதப் பத்தி ஒன்று. ஜோக் எதுவும் போடவில்லை. இணைப்பில் இருப்பது போதும்.

அக்டோபர் 18, சனி

கிரேன் நாள். வெல்லாமோவைத் தூக்கும்போது பிளவிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். பென்ட்டிகூட.

கடிதத்தைப் பற்றி இல்போவிடம் சொன்னேன். "முட்டாள்," என்றான். அதற்கப்புறம் மத்தியானம் வரைக்கும் என் பக்கத்திலேயே நின்றான்.

நவம்பர் 20, வியாழன்

முடிவு வந்துவிட்டது. இல்போவின் படகைச் செப்பனிட ஆகும் செலவை, பழசுக்கான கழிவு போக, தருகிறார்கள். என்னுடையதில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். மிச்சம் இஞ்சினுக்கே போதாது. கீழே ஹெலி கையால் ஒரு வரி: 'உங்கள் பத்தியை அலுவலகத்தில் எல்லோரும் வாசித்தோம்.'

கடைசியில் எனக்கும் வாசகர்கள்.

டிசம்பர் 2, செவ்வாய்

வெல்லாமோவை உடைந்தபடியே விற்றாயிற்று. ராவுமா ஊரிலிருந்து வந்தவர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார். அன்னேலி ஜன்னல் பக்கம் வரவில்லை.

2026 மே 9, சனி

இல்போவின் படகு இன்று தண்ணீரில் இறங்கியது. புதுப் பலகைகள் பழையவற்றைவிட வெளிறித் தெரிகின்றன. ஒரு கோடை வெயிலுக்கு நிறம் சேர்ந்துவிடும் என்கிறான். அன்னேலி இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டுக் கொடுத்தனுப்பினாள். பக்கத்தில் என் இடம் காலி. வாத்து ஒன்று அங்கே நின்றது, வாடகை கட்டியதுபோல.

டிக்கியிலிருந்து புதுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்துக் கொடுத்தேன். இல்போ கயிற்றைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினான்.

"நீயே கட்டு."

பின்கயிற்றை மிதவையில் கட்டினேன். இரண்டு தடவை சுற்றி இறுக்கினேன். பிறகு ஒதுங்கி நின்று, அவன் குனிந்து இழுத்துப் பார்ப்பதற்காகக் காத்திருந்தேன்.

அவன் காப்பி போட உள்ளே போய்விட்டான்.