அடுத்த வெங்காயத்துக்குக் கை போகணும்

இன்று காலை பஸ்ஸில் யாரோ ஒரு மூட்டைச் சின்ன வெங்காயத்தை என் காலடியில் வைத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும்வரை அந்த வாசனைதான். உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது.

நாம் ஒன்றாகக் கல்லூரியில் இருந்தபோது, கம்ப்யூட்டர் பிராக்டிகல் பரீட்சைக்குப் படிக்க நான் குன்னத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா நம் இருவரையும் வெங்காயக் குவியல் முன்னால் உட்கார வைத்துவிட்டார். எனக்கோ புரோகிராமில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற லூப் பிடிபடவே இல்லை.

"இந்தா பாரு புள்ள, குவியல் தீர்ற வரைக்கும் பொறுக்குறோம்ல, அதான் லூப். அழுகலா இருந்தா ஒதுக்கிட்டு அடுத்ததுக்குப் போறோம், அது கண்டினியூ. கூடை நெறஞ்சா எந்திரிச்சிடுறோம், அது பிரேக்" என்றாய்.

"எந்திரிச்சுப் பாருங்க, இன்னும் ரெண்டு கூடை கெடக்கு" என்றார் உன் அம்மா.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. ஒரு பேப்பரில் ஃபெயில் ஆனாலும் படிப்பு போதும் என்று அப்பா சொல்லியிருந்தார். பெண் கேட்டும் வந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பரீட்சையில் எழுதச் சொன்ன புரோகிராம், ஒரு பெயர்ப் பட்டியலில் தேர்வுக்கு வராத மாணவிகளை விட்டுவிட்டு மற்றவர்களின் மார்க்கை வரிசையாகக் காட்ட வேண்டும். சில மார்க் வந்தன. பிறகு திரை அப்படியே நின்றுவிட்டது. கையைத் தூக்கிக் கூப்பிட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மெஷினில் வேலையை முடித்து எழுந்த நீ, என் திரையைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தாய். உன் மெஷினைத் திட்டத் தொடங்கினாய்.

"ஏ லூசு, அழுகல ஒதுக்குன, சரி. அடுத்த வெங்காயத்துக்குக் கை போக வேணாமா? அதையே எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டிருந்தா எப்ப விடியும்?"

"யாரும்மா அது, இங்க வெங்காயம் விக்கிறது?" என்றார் எக்ஸாமினர்.

"மெஷினத் திட்டுறேன் சார். ஹேங் ஆயிடுச்சு."

"முடிச்சிட்டா வெளிய போம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த பெயருக்கு நகர்த்தும் வரியை நான் கண்டினியூவுக்குக் கீழே எழுதியிருந்தேன். வராதவள் பெயர் வந்ததும் கண்டினியூ லூப்பின் தொடக்கத்துக்கே திருப்பிவிடுகிறது. கீழே உள்ள வரிக்கு வேலையே வருவதில்லை. மறுபடியும் அதே பெயர்தான். அந்த வரியை மேலே ஏற்றினேன். மார்க் எல்லாம் கடகடவென்று வந்தன.

"கையத் தூக்கிக் கேட்டா தேஞ்சா போயிடும்?" என்றாய் வெளியே.

"வெக்கமா இருந்துச்சுடி."

"வெக்கத்துக்கெல்லாம் மார்க் போட மாட்டாங்கடி."

பாஸானேன். பட்டமும் வாங்கினேன். அதே வருஷம் உன்னைக் கொண்டுபோன காய்ச்சல் வந்தது. திருச்சி ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது நீ பேசவில்லை. நீ பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

இப்போது அரியலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறேன். கை தூக்குகிற பிள்ளைகளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறேன். விசைப்பலகையைத் தொடாமல் குனிந்திருக்கிறவளிடம் முதலில் போகிறேன். "என்னம்மா, நின்னுடுச்சா?" என்று நானே கேட்டுவிடுகிறேன். இன்று ஒருத்தி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நாற்காலியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.